நாற்பத்தொரு நொடி

மழையில் சைக்கிள் ஓட்டும்போது பெரிய தொல்லை உடம்பு நனைவதல்ல, மூக்குக் கண்ணாடிதான். காருக்கு வைப்பர் வைத்துவிட்டார்கள். கண்ணாடி போட்ட மனிதனைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நின்று துடைத்தால் முன்னால் போகிறவர்கள் அரை கிலோமீட்டர் போய்விடுவார்கள். துடைக்காமல் ஓட்டினால் எதிரே வருவது மாடா, மினி லாரியா என்று தெரியாது. ஆனாலும் அன்று காலை நான் பார்க்க வேண்டியதையெல்லாம் தெளிவாகவே பார்த்தேன். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கண்ணாடி நனைந்திருந்தது என்று எனக்காக யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம்.

சப்-இன்ஸ்பெக்டர் பெரியநாயகி அம்மா அவர்களே, நீங்கள் என்னைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு ஐம்பத்தொன்றுக்கு இளங்கோவனின் போனிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது, நாற்பத்தொரு நொடி பேசியிருக்கிறீர்கள், என்ன பேசினீர்கள் என்று கேட்டீர்கள். போன வாரம், தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது, பேச்சு புரியவில்லை என்றேன். அது பொய். இன்று நானே எழுதித் தருகிறேன் என்று உங்களிடம் தாள் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஏட்டையா எழுதினால் நான் சொல்கிற வரிசை மாறிவிடும். எது முதலில், எது பிறகு என்பது இதில் முக்கியம்.

என் பெயர் தர்மதாஸ், வயது ஐம்பத்திரண்டு. வீடு காஞ்சிபுரத்தில், கடை ஐயம்பேட்டையில். விவசாய பம்ப் செட்டுகளுக்கு மோட்டார் பழுது பார்த்துத் தருகிறேன். பாலாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எந்தக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர், எந்த ஏரி எப்போது நிரம்பும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நாங்கள் சமணர்கள். வெங்காயம், உருளைக்கிழங்கு சேர்ப்பதில்லை. பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. மழைக்காலத்தில் சாலையில் மரவட்டை ஊர்ந்தால், சக்கரம் ஏறாமல் வளைத்து ஓட்டுவேன். குழுவில் சின்னவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

குழுவின் பெயர் விடியல் வீல்ஸ். மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிறு விடிவதற்குள் கிளம்பி, எங்கேயாவது ஓர் ஊருக்குச் சைக்கிளில் போய், டிபன் சாப்பிட்டு, போட்டோ எடுத்துத் திரும்புவோம். தலைவன் மனோஜ், இருபத்தெட்டு வயது, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன். என்னை அங்கிள் என்பான். நல்லவன்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இந்தக் குழுவில் ஓர் ஏற்பாடு உண்டு. முன்னால் ஒருவர் வழிகாட்டிப் போவார், அவருக்கு ஆரஞ்சு நிற மின்னும் கோட்டு. எல்லாருக்கும் பின்னால் ஒருவர் வருவார், அவருக்குப் பச்சைக் கோட்டு. அவரை ஸ்வீப் என்பார்கள். யார் எவ்வளவு பின்தங்கினாலும் ஸ்வீப் அவருக்கும் பின்னால்தான் வர வேண்டும், யாரையும் தாண்டக் கூடாது. பஞ்சர் சாமான், காற்றடிக்கிற பம்ப், முதலுதவிப் பெட்டி எல்லாம் அவரிடம்தான் இருக்கும். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். இருபது பேர் கிளம்பினாலும் போய்ச் சேர்ந்த இடத்தில் யாரும் தலை எண்ணுவதில்லை. பச்சைக் கோட்டு வந்துவிட்டால் எல்லாரும் வந்தாயிற்று. மூன்று வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

தொண்ணூற்றொன்பது சவாரிகளில் எண்பத்து நான்கு சவாரிகளுக்கு நான்தான் ஸ்வீப். அங்கிள் பொறுமைசாலி, அங்கிளுக்கு மோட்டார் வேலை தெரியும், அங்கிள் இருந்தால் கவலையில்லை என்று சொல்லியே அந்தக் கோட்டை என் தோளில் மாட்டிவிட்டார்கள். இன்னைக்கு மட்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் மனோஜ் சொல்வான். கடைசியாக வருவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. நான் போய்ச் சேரும்போது இட்லி ஆறியிருக்கும். தேங்காய்ச் சட்னி தீர்ந்து, வெங்காயம் மிதக்கிற சாம்பார் மட்டும் இருக்கும். அதை நான் தொட முடியாது என்பது மூன்று வருடத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. வெறும் இட்லியைப் பிட்டுத் தின்றுகொண்டிருப்பேன், அதற்குள் மற்றவர்கள் கிளம்ப ஹெல்மெட் மாட்டுவார்கள். போட்டோ ஏற்கெனவே எடுத்து முடிந்திருக்கும். தொண்ணூற்றொன்பது போட்டோக்களில் நான் இருப்பது ஒன்பதில். எண்ணியிருக்கிறேன்.

ஐந்து மாதம் முன்பு இளங்கோவன் சேர்ந்தார். நாற்பத்து மூன்று வயது, கொஞ்சம் கனத்த உடம்பு. பட்டுச் சீலைக் கடையில் விற்பனையாளர். சர்க்கரை கூடிவிட்டது என்று டாக்டர் பயமுறுத்தியதால் வந்தார். நாள் முழுக்கக் குனிந்து சீலை விரித்துக் காட்டிக் கழுத்து எலும்பு தேய்ந்துபோயிருந்தது. திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்ப வேண்டும். சைக்கிளில் அது முடியாது. அதனால் எங்கள் இருவருக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. அவர் முன்னால், நான் இருபதடி பின்னால். லாரி வந்தால், நாய் வந்தால், வழி சரியில்லை என்றால் நான் ஒரு நீள விசில் ஊதுவேன், அவர் நின்றுவிடுவார். விசில் வராவிட்டால் போகலாம் என்று அர்த்தம். சந்தேகமான இடத்தில் ஒரு காலை ஊன்றி, பத்து எண்ணுகிற நேரம் காத்திருப்பார். என்னிடமிருந்து சத்தம் வராவிட்டால் மிதிப்பார்.

கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரோடு போவது என்பது ஒரு தண்டனை. பேசிக்கொண்டே வருவார். கொக்கைப் பார்த்தால் நிற்பார், கோபுரத்தைப் பார்த்தால் நிற்பார், மேடு வந்தால் இறங்கித் தள்ளுவார். சவாரிக்கு ஒரு பஞ்சர். நான் சேற்றில் உட்கார்ந்து ட்யூபைக் கழற்றுவேன். அவர் பக்கத்தில் நின்று, கடையில் கல்யாணச் சீலை எடுக்க வந்த குடும்பம் எப்படிச் சண்டை போட்டது என்று கதை சொல்வார். முடிந்ததும் முதுகில் தட்டி, நீங்க இருக்குறதாலதான் அண்ணே நான் வரேன் என்பார். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். நான் இருப்பதால் அவர் வருகிறார், அவர் வருவதால் நான் கடைசி. இதற்கு முடிவே இல்லை என்று தோன்றும். வீட்டில் மனைவி சாந்திமதியிடம் சொன்னேன். பிடிக்காவிட்டால் போகாதீர்கள் என்றாள். அவளுக்கும் புரியவில்லை. எனக்குச் சைக்கிள் ஓட்டப் பிடிக்கும். ஒருநாளாவது ஓங்கி மிதித்து என் வேகத்தில் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் மனோஜ் எல்லார் முன்னாலும் சொன்னான், நூறாவது சவாரிக்கு அங்கிள்தான் முன்னால் போவார் என்று. கை தட்டினார்கள். அந்த வாரமே செயின் மாற்றினேன், பிரேக் கட்டை மாற்றினேன். தினமும் கடைக்குப் போகும் முன் முத்தியால்பேட்டை வரை வேகமாக ஓட்டிப் பழகினேன். வழி திருமுக்கூடல். மனப்பாடம் செய்யத் தேவையில்லாத வழி, ஆனாலும் படுத்தபடி ஒவ்வொரு திருப்பமாக நினைத்துப் பார்ப்பேன்.

அந்த வாரக் கடைசியில் வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு எச்சரிக்கை வந்தது. போகலாமா வேண்டாமா என்று வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். முக்கால்வாசிப் பேர் பின்வாங்க, பதினோரு பேர் போகலாம் என்றோம். நூறாவது சவாரி, டீ-ஷர்ட்டும் அடித்தாயிற்று, தள்ளிப்போட மனோஜுக்கு மனமில்லை. பேப்பரில் குழுத் தலைவரின் அலட்சியம் என்று அவனைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அது தப்பு. போகலாம் என்று முதலில் கையைத் தூக்கியவன் நான். இதிலும் மனோஜை முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு நாங்கள் கூடிய இடத்தில் மழை சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது. பத்துப் பேர்தான் இருந்தோம். மனோஜ் பையிலிருந்து ஆரஞ்சுக் கோட்டை எடுத்து என்னிடம் நீட்டினான். ஒரு கையை நுழைத்துவிட்டேன். அப்போது மஞ்சள் ரெயின்கோட்டில், மூச்சு வாங்கிக்கொண்டு இளங்கோவன் வந்தார். ஓட்டுப் போட்டிருந்தாலும் மழையில் வரமாட்டார் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். மனோஜ் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அங்கிள், இவரும் வந்துட்டாரு. மழை வேற பெய்துக்கினு இருக்குது. இன்னைக்கு மட்டும் பச்சைய போட்டுக்கங்கப்பா. அடுத்த வாட்டி கண்டிப்பா நீங்கதான்."

நுழைத்த கையை வெளியே எடுத்தேன். ஆரஞ்சுக் கோட்டை ஜெயப்ரியா போட்டுக்கொண்டாள். பல் டாக்டர், நன்றாக ஓட்டுவாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இளங்கோவன் என் தோளில் கை போட்டு, நீங்க பின்னாடி இருக்கீங்கன்னுதான் அண்ணே மழையிலயும் கெளம்பினேன், வீட்டுல வுடல என்றார்.

வாலாஜாபாத் வரைக்கும் சரியாகத்தான் போனது. ஊர் தாண்டினதும் அவருக்குப் பின்சக்கரம் பஞ்சர். மற்றவர்கள் போய்விட்டார்கள். கொட்டுகிற மழையில் மூடியிருந்த ஒரு டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ட்யூபை மாற்றினேன். அன்றும் அவர் ஏதோ கதை சொன்னார். நான் கேட்கவில்லை. கையிலிருந்த டயர் லீவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழேகால் மணிக்கு வழி பிரிகிற இடத்துக்கு வந்தோம். மெயின் ரோட்டில் லாரி அதிகம் என்பதால் மனோஜ் எப்போதும் கிராமத்து வழியைத்தான் தேர்ந்தெடுப்பான். அந்த வழி இடதுபக்கம் இறங்கி, ஒரு தரைப்பாலத்தில் ஓடையைக் கடந்து போகும். ஓடைக்குத் தண்ணீர் மேலே இருக்கிற ஏரியிலிருந்து வருகிறது. வலதுபக்கம் ஏறினால் ஏரிக்கரை. கல்லும் சேறுமான வண்டிப்பாதை, ஆனால் இரண்டு கிலோமீட்டர் மிச்சம். மெல்லிய டயர் வைத்த அவர்கள் சைக்கிளுக்கு ஆகாது. என்னுடையது பட்டை டயர். மோட்டார் பார்க்கப் போகும்போதெல்லாம் நான் அந்தக் கரைமேல்தான் போவேன்.

அந்த இடத்தில் நான் இளங்கோவனிடம் சொன்னது இதுதான். "நேரா எறங்கிப் போங்க. தரைப்பாலத்துல கணுக்கால் தண்ணிதான் இருக்கும். நான் பின்னாடிதான் இருக்கேன்."

தலையாட்டிவிட்டு இறங்கினார். நான் வலதுபக்கம் ஏறினேன்.

இதில் நான் மறைக்க ஒன்றுமில்லை. அந்தத் திருப்பம் வரும்வரை எனக்கு எந்தத் திட்டமும் கிடையாது. முன்னால் வழி காலியாக இருந்தது. என் கால்களில் பலம் இருந்தது. மூன்று வருடமாக ஒருவர் முதுகைப் பார்த்தே ஓட்டியவன், ஒருமுறை யாருடைய முதுகும் இல்லாத வழியில் போனேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

இல்லை, இதையும் சரியாக எழுத வேண்டும். முந்தைய நாள் பகல் மூன்று மணிக்கு கிறிஸ்டோபர் எனக்குப் போன் செய்திருந்தார். தரைப்பாலத்துக்குப் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறவர். ஏரி தளும்பிக்கினு இருக்குது அண்ணா, விடிகாலைல கோடி போயிடும், மோட்டார என்ன பண்றது என்று கேட்டார். ஏரி நிரம்பி வழிவதை எங்கள் பக்கம் கோடி போவது என்போம். கோடி போனால் அரை மணியில் தரைப்பாலத்துக்கு மேல் ஆள் நிற்க முடியாத தண்ணீர் ஓடும். மோட்டாரைக் கழற்றிக் கொட்டகை மேல் ஏற்றிவிடச் சொன்னேன், பாலத்துப் பக்கம் பிள்ளைகளை விடாதே என்றும் சொன்னேன். அவரைக் கேட்டால் சொல்வார். ஆகவே கணுக்கால் தண்ணீர் என்று நான் சொன்னது தெரியாமல் சொன்னதல்ல. முன்னால் போனவர்கள் கடந்தபோது கணுக்கால் அளவுதான் இருந்திருக்கும். அவர்கள் கடந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.

கரைமேல் ஏறியதும் கோடியைப் பார்த்தேன். அகலம் முழுவதும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கோடிக்கு மேல் ஆள் நடக்கிற சின்னப் பாலம் ஒன்று உண்டு, அதில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்தேன். அங்கிருந்து கீழே ரோடு முழுவதும் தெரியும். ஏழு இருபத்து நான்கு. மஞ்சள் ரெயின்கோட்டு தரைப்பாலத்து முனையில் நின்றது. பாலம் தெரியவில்லை, ஓரத்துக் குத்துக்கற்களின் தலை மட்டும் தெரிந்தது. இளங்கோவன் ஒரு காலை ஊன்றி நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க முடியாது. விசிலுக்காகக் காத்திருந்தார். விசில் என் வாயில் இருந்தது. ஒன்றிலிருந்து பத்து வரை நானும் அவரோடு எண்ணினேன். ஊதியிருந்தால் சத்தம் மேலேயிருந்து வருகிறது, நான் பின்னால் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துபோயிருக்கும். பத்து முடிந்ததும் அவர் இறங்கித் தண்ணீருக்குள் சைக்கிளைத் தள்ளினார். நான் அதற்குமேல் நிற்கவில்லை.

ஏரிக்கரையில் அன்று மரவட்டை நிறைய இருந்தது. ஒதுக்கி ஓட்ட நேரமில்லை. எத்தனை சக்கரத்தில் போயிற்றோ. வீட்டுக்கு வந்து அதற்காக மூன்று நாள் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்தேன்.

அப்படி ஒரு வேகத்தில் நான் ஓட்டியதில்லை. மழை முகத்தில் அடித்தது, கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். கரையிலிருந்து இறங்கி ரோட்டைப் பிடித்து பாலாற்றுப் பாலத்துக்கு வந்தபோது, எங்கள் ஆட்கள் ஆறு பேர் பாலத்தின் மேல் நின்று ஆற்றில் வெள்ளத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடவே பின்னால் வருகிறவர்களுக்காகவும் நின்றார்களாம். ராஜவேலு என்னைப் பார்த்தார். ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார், அவருக்கே என்னை அடையாளம் தெரிய ஒரு நொடி ஆயிற்று. நான் நிற்காமல் தாண்டினேன். பச்சைக் கோட்டே போயாச்சு, இன்னும் யாருக்கு நிக்கிறோம் என்று அவர் சிரித்தபடி சொன்னது காதில் விழுந்தது. ஆறு பேரும் சைக்கிளில் ஏறினார்கள். அவர்களில் யாரும் என்னைப் பிடிக்க முடியவில்லை.

திருமுக்கூடல் கோயிலுக்குச் சற்று முன்னால் இருக்கிற கடைக்கு ஏழு நாற்பத்து மூன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் வந்திருந்தவர்கள் ஜெயப்ரியா, மனோஜ், இன்னொரு பையன், மூன்று பேர்தான். ஜெயப்ரியா கை தட்டினாள். மனோஜ், என்ன அங்கிள், பறந்து வந்தீங்களா என்று கேட்டான். கடைக்காரம்மா இட்லிப் பானையைத் திறந்த நேரம். ஆவி பறக்க நான்கு இட்லி, கெட்டிச் சட்னி. வெங்காயம் போடாத சட்னியா என்று கேட்டேன், இப்போதான் அரைச்சேன், தேங்காயும் பொட்டுக்கடலையும்தான் என்றார். மூன்று வருடத்தில் பச்சைக் கோட்டோடு நான் சாப்பிட்ட முதல் சூடான இட்லி.

ஏழு நாற்பத்தாறுக்குப் போன் அடித்தது. தட்டு கையில் இருந்தது, எடுக்கவில்லை. ஏழு நாற்பத்தொன்பதுக்கு மறுபடி அடித்தது. யார் என்று பார்த்தேன், பாதி இட்லி மிச்சம் இருந்தது, சட்டைப்பையில் போட்டுவிட்டேன். நீங்கள் என்னிடம் ஒரு விஷயம் சொன்னீர்கள், தண்ணீருக்குள் போய் இருபது நிமிடத்துக்கு மேல் அவர் ஏன் யாருக்கும் போன் செய்யவில்லை என்பது புரியவில்லை என்று. எனக்குப் புரிகிறது. நான் பின்னால்தானே வருகிறேன், எதற்குப் போன் என்று இருந்திருப்பார்.

அதற்குள் மற்ற ஆறு பேரும் வந்துவிட்டார்கள். மனோஜ் எல்லாரையும் போட்டோவுக்கு நிற்க வைத்தான். பச்சைக் கோட்டு வந்தாயிற்று, அதனால் அவன் எண்ணவில்லை. அங்கிள் நடுவுல வாங்க, முன்னாடி வாங்க என்றான். வந்து நின்றேன். கடைக்காரம்மா கையில் மனோஜின் போன். ஏழு ஐம்பத்தொன்று. என் போன் மூன்றாவது முறையாக அடித்தது. இரண்டடி தள்ளிப் போய் எடுத்தேன். நீங்கள் கேட்ட நாற்பத்தொரு நொடி இதுதான்.

"அண்ணே, எங்க இருக்கீங்க. சைக்கிள் அடிச்சிக்கினு போயிடுச்சு. நான் கல்ல புடிச்சிக்கினு இருக்கேன், தண்ணி மாருக்கு வந்துடுச்சு."

"பின்னாடிதான் இருக்கேன், இளங்கோ. வந்துக்கினே இருக்கேன்."

"உங்க லைட்டு தெரியலயே அண்ணே."

"மழைப்பா. கல்ல வுடாத. வேற யாருக்கும் போன் போட்டுக்கினு இருக்காத, கை வழுக்கிடும்."

"சரிண்ணே. நீங்க இருக்கீங்கல்ல, போதும்."

அவர்தான் வைத்தார். நான் திரும்பி வந்து நடுவில் நின்றேன். போட்டோவில் நான் சிரிப்பது உங்களுக்குத் தப்பாகத் தெரியலாம், கடைக்காரம்மா சிரிக்கச் சொன்னார். படத்தில் இருப்பது பத்துப் பேர். மனோஜ் அதன் கீழே பதினோரு பேரும் பத்திரம் என்று எழுதிக் குழுவில் போட்டான்.

பிறகு ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். போகலாம் என்றுதான் இருந்தேன். ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். டீ வந்தது. போக வேண்டுமென்றால் எல்லாரிடமும் சொல்ல வேண்டும். சொன்னால் நான் எப்படி முன்னால் வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். எட்டு இருபதுக்குத்தான் மனோஜ் சுற்றும் முற்றும் பார்த்து, இளங்கோவன் சார் எங்க அங்கிள் என்றான். முழங்கால் வலி என்று வாலாஜாபாத்திலேயே பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார் என்றேன். அவன் உடனே நம்பினான். திரும்பும்போது மழை வலுத்ததால் மெயின் ரோட்டிலேயே வந்தோம். பகல் பன்னிரண்டுக்கு அவர் மனைவி வடிவாம்பாள் மனோஜுக்குப் போன் செய்கிற வரைக்கும் யாரும் தேடவில்லை. மறுநாள் காலை ஓடை ஆற்றோடு சேர்கிற இடத்தில், வேலிகாத்தான் புதரில் உடம்பு கிடைத்தது. ரெயின்கோட்டு மஞ்சளாக இருந்ததால் சீக்கிரம் தெரிந்தது என்று சொன்னார்கள்.

அடக்கத்துக்குப் போனேன். போகாவிட்டால் நன்றாக இருக்காது. வடிவாம்பாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்களப் பத்தியேதான் சொல்லுவாருண்ணா. அண்ணன் பின்னாடி இருக்குறாரு, எனக்கின்னா பயம்னு சொல்லுவாரு. அன்னைக்கு அவரு திரும்பிட்டாராம், நீங்க மட்டும் கூட இருந்திருந்தா."

அந்த அம்மாவின் துக்கம் எனக்குத் தெரிகிறது. ஆனாலும் உண்மையைச் சொல்வதென்றால், அந்த நேரத்திலும் எனக்கு வந்தது எரிச்சல்தான். அந்த அம்மாவும் என்னைப் பின்னால்தான் நிறுத்தினார். அடுத்த ஞாயிறு இளங்கோவன் நினைவாக ஒரு சவாரி வைத்தார்கள். ஆரஞ்சுக் கோட்டை ஒரு சைக்கிள் கைப்பிடியில் மாட்டி, ஆளில்லாமல் முன்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். அது இளங்கோவனுக்கு என்றார்கள். எனக்குப் பச்சையைக் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் உங்களிடம் வந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

நீங்கள் இதை எந்தச் செக்ஷனில் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அவரைத் தள்ளவில்லை, தொடவும் இல்லை. ஆனால் தண்ணீர் வரும் என்று தெரிந்து அனுப்பினேன், நிறுத்த முடிந்தும் நிறுத்தவில்லை, கூப்பிட்டபோது பொய் சொன்னேன், வேறு யாரையும் கூப்பிடாமல் தடுத்தேன். இளங்கோவன் செத்தது என்னால்தான். மனோஜுக்கோ மற்றவர்களுக்கோ இதில் பங்கில்லை. ஒன்றுமட்டும் சொல்வேன், அந்த மனிதர் கடைசிவரை தனியாக இருக்கிறோம் என்று நினைக்கவில்லை. அந்த அளவுக்கு நான் அவருக்குத் துணையாகத்தான் இருந்திருக்கிறேன்.

நீங்கள் டைப் செய்து வைத்திருக்கிற முதல் பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். என் பெயர், அப்பா பெயர், வயது, முகவரி எல்லாம் சரி. மூன்றாவது வரியில், குழுவில் கடைசியாக வந்து சேர்ந்த தர்மதாஸ் என்று இருக்கிறது. கடைசியாக வந்தவர்கள் பாலத்தில் நின்ற அந்த ஆறு பேர். நான் வந்தது நான்காவதாக. அதைத் திருத்திக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.